தினமும் ஒரு சீன எழுத்து, தமிழ் வழியா போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

எனக்கு காவேரிப்பட்டணம் பக்கம். ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனில மெயின்டனன்ஸ் வேலை, 11 வருஷமா கம்பெனி பஸ்லதான் போக வர. எங்க அப்பா காலத்துல இருந்து வீட்டுக்கு உங்க பேப்பர்தான் வருது, ஆனா ஆசிரியருக்குன்னு நான் எழுதுறது இதுதான் மொத தடவை. போன வருஷம் ஒரு நைட் ஷிப்ட்ல நடந்ததை சொல்லாம விஷயத்துக்கு வர முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எங்க ஷாப்ல ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருக்கு, சீனாவுல செஞ்சு வந்த மெஷின், பேனல் முழுக்க சீன எழுத்துதான். வந்த புதுசுல யாரோ ஒவ்வொரு பட்டனுக்குக் கீழயும் இங்கிலீஷ்ல ஸ்டிக்கர் ஒட்டி வச்சாங்க, ஆயிலும் கையும் பட்டு பட்டு அது அழிஞ்சே போச்சு. பழைய ஆளுங்களுக்கு கை பழகிடுச்சு, யாரும் கண்டுக்கல. அன்னைக்கு ஐடிஐ முடிச்சு வந்து ரெண்டே வாரம் ஆன ஒரு பையன், பென்னாகரம் பக்கத்துப் பையன், மேல தூக்குற பட்டன்னு நெனச்சு கீழ இறக்குற பட்டனை அமுக்கிட்டான். உள்ள இருந்த பிக்ஸ்சர், அதாவது பாகத்தை அசையாம பிடிச்சு வைக்கிற சாமான், அப்பளம் மாதிரி நசுங்கிப்போச்சு. கையை அப்பதான் வெளிய எடுத்திருந்தான். எல்லாரும் சேர்ந்து அவனைத் திட்டினோம், நானும் திட்டினேன், அவன் ஒண்ணும் பேசாம நின்னான்.

காலைல பஸ்ல வர்றப்ப தூக்கம் வரல. போன்ல அந்த பேனலை போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அந்த ரெண்டு பட்டனை மட்டும் பெருசு பண்ணி பாத்துக்கிட்டே வந்தேன். ரெண்டுக்கும் மூணு மூணு கோடுதான். ஒண்ணுல படுக்கைக் கோடு அடியில இருக்கு, அதுக்கு மேல ஒரு குச்சி நட்டு வச்சு வலது பக்கம் சின்னதா ஒரு கோடு நீட்டியிருக்கு. இன்னொண்ணுல படுக்கைக் கோடு உச்சியில இருக்கு, அதுல இருந்து ஒரு குச்சி தொங்குது, பக்கத்துல ஒரு புள்ளி. படுக்கைக் கோட்டைத் தரைன்னு வச்சுக்கங்க. தரைக்கு மேல இருக்கிறது ஷாங், மேல். தரைக்குக் கீழ இருக்கிறது ஷியா, கீழ். அவ்ளோதாங்க விஷயம், அரை நிமிஷத்துல சொல்லிக் குடுத்திருக்கலாம். அந்தப் பையனுக்கு நாங்க யாருமே சொல்லல, ஏன்னா எங்க யாருக்கும் தெரியாது.

அன்னைக்கு ஆரம்பிச்சேன். மொத வாத்தியார் பர்கூர்ல இருக்கிற எங்க மாமா. சிங்கப்பூர்ல கட்டட வேலை பாத்துட்டு வந்தவர், சீனம் பேச வராது, ஆனா அங்க ரயில் ஸ்டேஷன்லயும் சைட் போர்டுலயும் இங்கிலீஷ், மலாய், சீனம், தமிழ்னு நாலும் எழுதிருக்கும், அதுல தமிழையும் சீனத்தையும் பக்கத்துல பக்கத்துல பாத்து பாத்து கொஞ்சம் எழுத்து மனசுல பதிஞ்சிருக்கு. அவர் எனக்கு மொதல்ல காட்டுனது வெளியே போற வழிக்கு போட்டிருக்கிற ரெண்டு எழுத்து. மொத எழுத்து சூ, வெளியே வர்றது. ரெண்டாவது வெறும் சதுரம், உச்சரிப்பு கோ, அர்த்தம் வாய். வெளியே போற வாய். நம்ம வாயில், வாசல்ங்கிற வார்த்தையே வாய்ங்கிறதுல இருந்து வந்ததுதானே, வாய்க்கால்லயும் அந்த வாய்தானே இருக்கு. இங்கிலீஷ்ல எக்ஸிட்னு மனப்பாடம் பண்ணினா இது ஒண்ணுமே தெரியாது, தமிழ்ல நெனச்சா எழுத்து தானா வந்து மனசுல உக்காந்துக்குது.

இதைச் சொல்லத்தான் நான் இவ்ளோ எழுதுறேன். சீன எழுத்து கஷ்டம் கஷ்டம்னு சொல்றாங்களே, அந்த கஷ்டத்துல பாதி நாம அதை இங்கிலீஷ் வழியா படிக்கிறதால வர்றது.

எங்க பேனல்ல ஒரு செலக்டர் சுவிட்ச் இருக்கு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு எழுத்து. ரெண்டுலயும் கடைசி எழுத்து ஒண்ணுதான், தோங், இயங்குறதுன்னு அர்த்தம். ஒரு பக்கம் அதுக்கு முன்னாடி ஷோ, அதாவது கை. கையால இயங்குறது. இன்னொரு பக்கம் முன்னாடி ஸி, அதாவது தான். தான் இயங்குறது. தானியங்கி! ஸ்கூல் புக்ல படிச்ச தானியங்கிங்கிற வார்த்தை எழுத்துக்கு எழுத்து அங்க நிக்குது, நாமதான் ஆட்டோ, மேனுவல்னு சுத்திக்கிட்டு இருக்கோம். எரிமலைக்கு நெருப்பு எழுத்தும் மலை எழுத்தும் சேர்த்து ஹுவோ ஷான். மலை எழுத்து மூணு குச்சி நிமிந்து நிக்கிற மாதிரி, நடுவுல இருக்கிறது உசரம், கிருஷ்ணகிரில இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்குத் தெரியுற உருவம்தான்.

உச்சரிப்புலயும் அப்படியேதான். 1958ல சீன அரசாங்கம் ரோமன் எழுத்துல உச்சரிப்பு எழுதுற பின்யின் முறையைக் கொண்டு வந்துச்சு, இங்கிலீஷ் புக் எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. மனுஷனுக்கு உண்டான எழுத்து, ரெண்டு கால் விரிச்சு நடக்கிற மாதிரி ரெண்டே கோடு, அதை நாம ரென்னு படிச்சுட்டுப் போயிடறோம். அந்த சத்தம் ர இல்லீங்க. நாக்கை மடக்கி மேல தொடாம விடுறது, நம்ம ழ-வுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு. வாழப்பழத்தை வாயப்பயம்னு சொல்லிட்டு திரியுற பசங்க இதுக்காகவாவது ழ பழகுவாங்க. பெய்ஜிங்ல வர்ற ப பல்லு, பழம்னு நாம சொல்ற அதே காத்து விடாத ப தான். காத்து ஊதி சொல்ற இன்னொரு ப தனியா இருக்கு, உதட்டுக்கு முன்னாடி பேப்பர் துண்டைப் பிடிச்சா அது ஆடணும். தமிழ்ல ஒரு பாராவுல புரியவைக்கிற விஷயம் இது, நான் இங்கிலீஷ் விளக்கத்தை வச்சுக்கிட்டு மூணு மாசம் தப்பாவே சொல்லிட்டு இருந்தேன்.

எழுதுறதுக்கு தம்பி பொண்ணோட கணக்கு நோட்டுதான். சீனாவுல குழந்தைங்க எழுதிப் பழகுறதுக்கு சதுரத்துக்குள்ள கூட்டல் குறி போட்ட கட்டம் இருக்கும், வயலைக் குறிக்கிற எழுத்தும் அச்சு அசல் அதே உருவம்தான், வரப்பு போட்டு நாலா பிரிச்ச வயல். அதனால வயல் எழுத்துக் கட்டம்னே அதுக்கு பேரு. நம்ம கணக்கு நோட்டுல நாலு சின்னக் கட்டத்தை சேர்த்து ஒண்ணா எடுத்துக்கிட்டா அதே கட்டம் கிடைச்சுடுது. கோடு போடுற வரிசை ரொம்ப முக்கியம். மேல இருந்து கீழ, இடமிருந்து வலம், படுக்கைக் கோடு மொதல்ல நேர்க்கோடு அப்புறம். வாய் எழுத்தை நான் மொதல்ல நாலு கோடா போட்டேன், ஆனா அது மூணு. இடது பக்கம் மேல இருந்து கீழ ஒண்ணு, அப்புறம் கையை எடுக்காம மேல்பக்கமும் வலது பக்கமும் சேர்ந்து மடங்கி ஒண்ணு, கடைசில அடியை மூடுறது ஒண்ணு. உள்ள ஏதாவது எழுத வேண்டி இருந்தா அதை எழுதிட்டுத்தான் அடியை மூடணும், மூட்டைல நெல்லைக் கொட்டிட்டு அப்புறம் வாயைத் தைக்கிற மாதிரி. வரிசை கைக்கு வந்துட்டா எழுத்து மறக்காது.

மரத்துக்கு நாலு கோடு. ரெண்டு மரம் போட்டா தோப்பு, மூணு மரம் போட்டா அடர்ந்த காடு. மரத்தோட அடியில குறுக்க ஒரு சின்னக் கோடு போட்டா வேர், மூலம்னு அர்த்தம். மரத்து மேல வயல் எழுத்து மாதிரி ஒண்ணு உக்காந்தா பழம், குவோ. மாம்பழத்துக்கு சீனத்துல மாங்குவோ. நம்ம பக்கத்து மாங்காய்ங்கிற பேரு போர்ச்சுக்கீசியர் வாயில மாங்கான்னு ஆகி உலகம் சுத்துச்சு, சீனத்துலயும் அந்த சத்தத்தைத்தான் வச்சிருக்காங்க, கடைசில பழம்ங்கிற எழுத்தையும் சேர்த்து. எங்க தோப்புல பெங்களூராவும் செந்தூராவும் இருக்கு, இந்த வார்த்தையை நோட்டுல எழுதி அப்பாகிட்ட காட்டுனப்ப அவர் அதைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு.

ஆனா எல்லாமே படம்தான்னு சொல்லி பசங்களை ஏமாத்தக் கூடாது. படம் மாதிரி இருக்கிறது கொஞ்சம்தான், பெரும்பாலான எழுத்துல ஒரு பாதி அர்த்தத்தையும் இன்னொரு பாதி சத்தத்தையும் சொல்லும். குதிரைக்கு மா. பக்கத்துல பெண் எழுத்தை வச்சா அம்மா, அதுவும் மா. வாய் எழுத்தை வச்சா கேள்வி கேக்குறப்ப கடைசில வர்ற மா, அதாவது நாம வந்தியான்னு கேக்குறப்ப வர்ற ஆ மாதிரி. குதிரை அங்க சத்தத்துக்காகத்தான் நிக்குது. எங்க எமர்ஜென்சி பட்டன்ல ஜி திங்னு ரெண்டு எழுத்து, அவசர நிறுத்தம். அதுல திங் எழுத்துக்கு இடது பக்கம் ஒரு ஆள், வலது பக்கம் மண்டபம். மண்டபத்துக்கும் திங்னுதான் பேரு, அதனால சத்தம் அங்க இருந்து வருது, ஆள் ஒருத்தன் மண்டபத்துல தங்கி நிக்கிறான்னு நெனச்சுக்கிட்டா அர்த்தமும் மறக்காது. 11 கோடு போடணும், பாத்தா பயமாத்தான் இருக்கும், பிரிச்சுப் பாத்தா ரெண்டே துண்டு.

குதிரை எழுத்து முன்ன 10 கோடு, இப்ப சீனாவுல 3 தான். 1956ல இருந்து எழுத்தை எளிமையாக்கிட்டாங்க, தைவான்லயும் ஹாங்காங்லயும் இன்னும் பழசுதான். இதுவும் நமக்குப் புதுசு இல்ல, 1978ல எம்.ஜி.ஆர். ஆட்சில பெரியார் எழுத்துச் சீர்திருத்தம்னு 13 எழுத்தை மாத்துனோம், எங்க பெரியப்பா இன்னைக்கும் லை எழுதுறப்ப கொம்பை யானைத் தும்பிக்கை மாதிரி சுழிச்சுத்தான் எழுதுறாரு.

நம்ம ஜில்லாக்காரங்களுக்கு வேற எழுத்தைப் பாத்து மிரள வேண்டிய அவசியமே இல்லீங்க. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நின்னா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதுல விழும், அத்திப்பள்ளி தாண்டினா போர்டு எல்லாம் கன்னடம். கன்னடம் படிக்கத் தெரியாதவங்களும் பெங்களூர் போர்டை உருவத்தை வச்சே கண்டுபிடிச்சு ஏறிடறாங்க. எங்க பாட்டிக்கு எழுத்தே தெரியாது, காவேரிப்பட்டணம் போர்டை அதோட நீளத்தை வச்சு தூரத்துல இருந்தே சொல்லுவாங்க. அந்தக் கண்ணுதான் சீன எழுத்துக்கும் வேணும்.

சீனாக்காரன் பாஷை நமக்கு எதுக்குன்னு கம்பெனில கூட சிலர் கேட்டாங்க. எல்லைல பிரச்சனை இருக்கு, நானும் பேப்பர் படிக்கிறவன்தான். ஆனா மெஷின் இங்க வந்து நிக்குது, அது முன்னாடி நம்ம பசங்க கை நீட்டி வேலை செய்யுறாங்க. அதுவும் இல்லாம நம்ம எழுத்தும் அவங்க எழுத்தும் ஒரே கல்லுல சேர்ந்து இருந்திருக்கு. 1409ல செங் ஹ-ங்கிற சீனக் கடற்படைத் தலைவர் வெட்டி எடுத்துட்டு வந்த கல்வெட்டு 1911ல இலங்கைல காலிங்கிற ஊர்ல கிடைச்சது, இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கு, அதுல சீனம், தமிழ், பாரசீகம் மூணும் இருக்கு. அன்னைக்கு அவங்க தமிழ் எழுத ஆள் தேடிப் பிடிச்சிருக்காங்க.

நான் கேக்குறது பெருசு இல்லீங்க. உங்க பேப்பர்ல குறுக்கெழுத்து போடுற பக்கத்துல ஒரு தீப்பெட்டி அளவு இடம் குடுங்க. தினம் ஒரே ஒரு எழுத்து, பெருசா, கோடு போடுற வரிசைக்கு நம்பர் போட்டு, உச்சரிப்பு தமிழ்ல, அந்த எழுத்து வர்ற ஒரு வார்த்தை. சீனம் முறையா படிச்ச ஒருத்தரை வச்சு சரிபாத்து போடுங்க. மேல், கீழ், நிறுத்து, திற, மூடு, மின்சாரம், அபாயம், இதுல இருந்து ஆரம்பிச்சா எங்க பசங்களுக்கு அடுத்த நாளே உபயோகம். சீன மொழிப் பரீட்சைக்கு 2021ல வந்த தரப்பட்டியல்ல மொத லெவலுக்கு 300 எழுத்துன்னு போட்டிருந்தாங்க, தினம் ஒண்ணுன்னா ஒரு வருஷத்துக்குள்ள முடிஞ்சுடும். அப்படியே தருமபுரி, கிருஷ்ணகிரி லைப்ரரிலயும் ஐடிஐலயும் தமிழ்ல எழுதுன ஆரம்பப் புத்தகம் ரெண்டு வைக்கச் சொல்லி நீங்க எழுதினா கேப்பாங்க.

இப்ப எங்க ஷாப்ல அந்த பிரஸ் மேல நானே ஒரு அட்டை எழுதி லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கேன், சீன எழுத்து, பக்கத்துல தமிழ். பென்னாகரத்துப் பையன் சாப்பாட்டு நேரத்துல கணக்கு நோட்டோட வந்து உக்காந்துக்கறான், 40 எழுத்து தாண்டிட்டான். வேணும்னா என் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து உங்க ஆபீசுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் வாசகர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்