டிக்கியில் தூங்கும் ஐந்தாவது

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் ஆடிப் பண்டிகை நெரிசலுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது, உனக்குத் தெரியாததா? எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் நிதானமாக மறுபடி எடுத்துப் படித்தேன். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நான் மாதம் இரண்டு முறை ஏற்காடு போய் வருகிறேன். நாகலூர் பக்கம் மச்சான் வைத்திருக்கும் காபித் தோட்டத்துக்குக் கணக்கு எழுதும் வேலை. ரிட்டயரான வாத்தியாரைச் சும்மா உட்காரவிட யாருக்குத்தான் மனசு வருகிறது!

சரி, உன் டயர் பஞ்சாயத்துக்கு வருகிறேன். புது வண்டிக்கு 10,000 கிலோமீட்டரில், எல்லா டயரும் ஒரே சீராகத் தேய முன்னும் பின்னும் இடம் மாற்றிச் சுற்றிப் போடச் சொன்னபோது கடையில் நாலை மட்டும் சுற்றினார்கள், டிக்கியில் கிடக்கும் மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியைத் தொடவே இல்லை, மகன் ஐந்தையும் சுற்ற வேண்டும் என்று சண்டை போடுகிறான் என்று எழுதியிருந்தாய். நான் உன் மகன் கட்சி. ஆனால் இதே கேள்வியைப் போன வருஷம் கேட்டிருந்தால் கடைக்காரர் கட்சியில் இருந்திருப்பேன்.

இந்த மே மாதம் நடந்தது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 14-ஆவதில் ஏறிக்கொண்டிருக்கிறேன். மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. இடம் விட்டு ஓரம் கட்டினேன். அங்கே கிடந்த கருங்கல் ஒன்று முன் இடது டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. பட்டனில், அதாவது தரையில் படும் ரப்பர் பூவில், ஆணி ஏறினால் ஒட்டி ஓட்டலாம். பக்கவாட்டில் கிழிந்ததற்கு எந்தப் பஞ்சர் கடையிலும் கைவைக்க மாட்டார்கள். சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று டிக்கியைத் திறந்து, தோட்டத்துக்குக் கொண்டுபோன உர மூட்டையை இறக்கிவைத்து, அடியில் இருந்ததை வெளியே எடுத்தேன்.

புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூட உதிராமல் இருந்தது. ஒரு நாளும் தரையைத் தொடாத டயர். ஆனால் அமுக்கினால் அமுங்குகிறது. காற்று 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 11. பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்காரர் கால் பம்பு வைத்திருந்தார், பிழைத்தேன். நான் குனிந்து மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பிடிச் சுவர்மேல் இருந்த குரங்கு, திறந்த கதவு வழியாக வாழைப்பழச் சீப்பை மொத்தமாகக் கொண்டுபோனது தனிக்கதை.

முப்பதுக்கு மேல் போகாமல் ஏறி, அதே மாதிரி இறங்கி, நேராக டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்டெப்னியின் பக்கவாட்டைத் தடவி, ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு எண்ணைக் காட்டினார். 1116. அதாவது 2016-ஆம் வருஷத்தின் 11-ஆவது வாரத்தில் பிறந்த டயர். பிறகு பட்டனுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வறண்ட ஏரித்தரை மாதிரி விரிசல் வாயைத் திறந்தது. "முடி உதிரலை சார், ஆனா வயசாயிடுச்சு" என்றார். இடையில் ஒரு முறை நாலு டயரையும் மாற்றியிருந்தேன். ஸ்டெப்னி புதுசாகத்தானே இருக்கிறது என்று அப்போது விட்டவன் நான்தான்.

ரப்பர் ஓடினால்தான் தேயும் என்று நாம் நினைக்கிறோம். சும்மா கிடந்தாலும் காற்றும் சூடும் அதைக் கெட்டிப்படுத்திவிடுகின்றன. சேலத்து வெயிலில் மூடிய டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன டயரை வருஷா வருஷம் காட்டிப் பார்க்க வேண்டும், 10 வருஷம் ஆனால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஸ்டெப்னியும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

அன்றைக்கே ஐந்து டயர் வாங்கினேன். என் வீட்டுக்காரி கேட்டாள், நாலு போதாதா என்று. அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை உனக்கும் சொல்கிறேன். ஒரு டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வை. நாலை மட்டும் சுற்றினால் 40,000-ல் நாலும் முடிந்தது, ஐந்தாவது டிக்கியிலேயே கிழமாகும். ஐந்தையும் சுற்றினால் ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து ஓய்வு கிடைக்கும், மொத்தம் 50,000 வரை வரும். "அப்புறம் ஒரே நாள்ல அஞ்சும் மொட்டையாகும், அஞ்சுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும், அதானே?" என்றாள். அதுவும் உண்மைதான். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. வாங்கிய டயர் ஓடாமலே குப்பைக்குப் போகாது, அது மட்டும்தான் மிச்சம்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சுற்றில் சேர்த்தால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது ஸ்டெப்னி வெளியே வருகிறது, யாராவது அதில் காற்றுப் பார்க்கிறார்கள், வால்வைத் தொடுகிறார்கள், அதை மாட்டியிருக்கும் போல்ட் துருவில் இறுகாமல் இருக்கிறது. இது நடந்திருந்தால் 14-ஆவது வளைவில் நான் பம்பு மிதித்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. மற்றதெல்லாம் தேய்ந்த பிறகு புத்தம்புது ஸ்டெப்னியை ஒரு பக்கம் போட்டால் இரண்டும் ஒரே உயரம் இருக்காது. என் வண்டி டயர் 165/80 ஆர் 14. புதிதில் குறுக்களவு 620 மில்லிமீட்டர் சுமார். ஒன்றில் பட்டன் 8 மில்லிமீட்டர், மற்றதில் 3 என்றால், தேய்ந்த சக்கரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய எட்டுச் சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். அதையெல்லாம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருந்து அவற்றை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல்தான் தாங்கிக்கொள்கிறது. பஞ்சர் கடை வரைக்கும் பரவாயில்லை, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது. நாலு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகும் வண்டிகளில் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அந்த மாதிரி வண்டிக்காரன் ஐந்தையும் ஒரே சீராகத் தேய்த்து வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

என் சுற்று இப்படி. டிக்கியில் இருப்பது வலது பின்பக்கம் வரும். வலது பின் குறுக்கே போய் இடது முன். இடது முன் நேராக இடது பின். இடது பின் குறுக்கே வலது முன். வலது முன் டிக்கிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐந்து முறை சுற்றினால் பழையபடி வந்து நிற்கும். இது முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு. இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பாரம் எல்லாம் முன் டயர் தலையில் விழுவதால் அதுதான் சீக்கிரம் தேயும். எனக்கு மலை வேறு. கொண்டை ஊசியில் மடக்கி மடக்கி, முன் டயர் இரண்டுக்கும் தோள்பட்டை, அதாவது பட்டனின் ஓரம், உருண்டுபோகிறது. உன் தஞ்சாவூர் ரோட்டில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. எது எங்கே இருந்தது என்று மறக்காமல் இருக்கக் கழற்றும் முன்னால் டயர் உள்பக்கம் சாக்பீஸால் எண் போட்டுவிடுகிறேன். முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா?

ஆனால் மகனிடம் உடனே தலையாட்டிவிடாதே. முதலில் ஸ்டெப்னியை எடுத்து, பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவையும் மற்ற நாலின் அளவையும் ஒப்பிட்டுப் பார். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரமும் அலாய், ஸ்டெப்னி மட்டும் ஒரு அங்குலம் குறைந்த இரும்புச் சக்கரம். சிலவற்றில் சைக்கிள் சக்கரத்துக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக ஒன்று, மேலே 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று ஒட்டியிருப்பார்கள். இவை சுற்றுக்கு ஆகாது, பஞ்சர் கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும்தான். அளவு ஒன்றாக இருந்து, இரும்பு அலாய் வித்தியாசம் மட்டும் என்றால் சுற்றலாம், ஆனால் சிலவற்றுக்கு நட்டு வேறு, பார்வைக்கும் ஒரு காலில் செருப்பு மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். உன் சம்சாரம் ஒத்துக்கொள்ள மாட்டார். டயரில் அம்புக்குறி போட்டு ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்றிருந்தாலும் இந்தக் குறுக்குச் சுற்று வேண்டாம். ஐந்தும் ஒரே மாதிரி என்றால் இந்த சர்வீஸிலேயே ஆரம்பித்துவிடு. 10,000-ல் பெரிய தேய்மான வித்தியாசம் வந்திருக்காது. நாலைந்து வருஷம் டிக்கியில் கிடந்த பிறகு கொண்டுவந்து சேர்ப்பதில்தான் அர்த்தம் இல்லை.

கடைக்காரர் முனகுவார். டிக்கியைக் காலி பண்ண வேண்டும், ஐந்தாவதற்கும் பேலன்சிங் பார்க்க வேண்டும், அவருக்கு நேரம். பக்கத்திலேயே நின்று செய்யச் சொல். நட்டை எதிரெதிராக முடுக்கச் சொல், 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பார்த்துவிடு.

இந்த ஸ்டெப்னி என்கிற பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸில் லனெல்லி என்கிற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று இருக்கிறது. 1904-இல் அங்கேதான் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதுவரை கார்கள் பெரும்பாலும் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. தெருப்பேர் நம் ஊர் ஒர்க்ஷாப் வரை வந்து தமிழாகிவிட்டது. இங்கே என்னடா என்றால் 2020-இல் விதியைத் திருத்தி, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னியே வேண்டாம் என்று அனுமதித்துவிட்டார்கள். பக்கவாட்டுக் கிழிசலுக்கு எந்தக் கிட்டும் ஆகாது. மலை ஏறுகிற எனக்கு அந்த மாதிரி வண்டி வேண்டாம்.

டிசம்பரில் நாகலூரில் காபிப் பழம் பறிப்பு இருக்கும். நாலு நாள் தங்குகிற மாதிரி வா. வீட்டு வாசலில் இரண்டு ஜாக்கி இருக்கிறது, அடுத்த சுற்றை இங்கேயே போட்டுவிடலாம். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன்
சேலத்துப் பங்காளி