இருபது நிமிடம் போதும்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் உன் மகனைப் பற்றி, "பூங்காவெல்லாம் இவனுக்குச் சரிப்படாதும்மா, கொஞ்சம் பெரியவனாகட்டும்" என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் இல்லை. அதே வார்த்தையை உன் அண்ணனைப் பற்றி நான் நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது.

அவனுக்கு மூன்று வயதானபோது ஒரே ஒரு முறை போனோம். வண்டிகள் நுழையக்கூடாது என்று வாசலில் இரும்புத் தூண் நட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியும் நுழையவில்லை. அப்பா நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ள, நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனால், விளையாடும் இடம் முழுக்க மணல். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. எப்படியோ ஊஞ்சல்வரை போனதும் காவலாளி வந்து, "இது நல்லா இருக்கிற பிள்ளைங்களுக்கு" என்றார். திரும்பிவிட்டோம். பழி முழுவதையும் அவன் கால்மேல் போட்டேன். தூணையும் மணலையும் நட்டதும் கொட்டியதும் யாரோ ஒருவர்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுபடி போனது உன்னால்தான். உனக்கு ஐந்து வயது, அவனுக்கு ஏழு. உன் பிடிவாதம் தாங்காமல் கிளம்பினோம். விளையாட்டுச் சாமான்கள் பக்கமே போகவில்லை. மரத்தடியில் போர்வையை விரித்து அவனை நாற்காலியிலிருந்து இறக்கி மல்லாக்கப் படுக்க வைத்தேன். இலை அசைய அசைய வெயில் அவன் முகத்தில் புள்ளி புள்ளியாக நகர்ந்தது. கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தான். பயிற்சியில் எத்தனை கெஞ்சியும் நீட்டாத கை அது.

அன்றைக்கு ஒரு பையன் வந்து, "இவன் ஏன் நடக்க மாட்டேங்கிறான்?" என்று கேட்டான். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. நீ சட்டென்று, "அவன் நடக்க மாட்டான். நீ வேணும்னா நாற்காலியத் தள்ளு" என்றாய். அவனும் தள்ளினான். நாலு வருஷமாக நான் பயந்த கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். மணலிலும் சேற்றிலும் நாற்காலியை முன்னால் தள்ளக்கூடாது. திருப்பி, பின்பக்கமாக இழுத்துப் போக வேண்டும், பெரிய சக்கரம் வழி போட்டுக்கொள்ளும். சரிவுப் பாதை ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் வைத்திருக்கும் கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது கை நழுவும். வெயிலில் நின்ற நாற்காலியின் உலோகப் பூட்டு தோலைச் சுட்டுவிடும். டோபிரமேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைப்பதால் அவற்றைச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு உடம்பு சீக்கிரம் கொதிக்கும் என்பதையும் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். கழிப்பறையை மட்டும் எங்களால் கடைசிவரை தீர்க்க முடியவில்லை. பத்து வயதுப் பையனைத் தரையில் படுக்க வைத்து உடை மாற்றியிருக்கிறேன். பிரிட்டனில் 2006இல் இதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கி, பெரியவர்களும் படுக்கக்கூடிய மேசையும் தூக்கிவிடும் கருவியும் உள்ள கழிப்பறைகளைக் கட்ட வைத்தார்களாம். படித்தபோது பொறாமையாக இருந்தது.

உன் பிள்ளைக்கு ஓடக் காலுண்டு. ஆட்டிசம் உள்ள அவனுக்குச் சத்தம்தான் மணல், கூட்டம்தான் இரும்புத் தூண். அதனால் நான் செய்ததை அப்படியே செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விட்டு அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான் என்று சொல்லாதே. எனக்கே அழுகை வரும். விடிந்ததும் போ. முந்தின நாள் நீ மட்டும் போய், வாசல், பாதை, ஒரு மரம், திரும்பும் வழி என்று நாலைந்து படம் எடுத்து வந்து அவனுக்கு வரிசையாகக் காட்டு. காதை மூடும் ஹெட்போனை எடுத்துக்கொள். மூன்று நாள் ஒரே மரத்தடிக்குத்தான் போகிறான் என்றால் போகட்டும். அழுவதற்கு முன்பே கிளம்பிவிடு, நன்றாக இருக்கும்போதே. அடுத்த முறை வாசலைக் கண்டதும் முரண்டு பிடிக்காமல் இருப்பான்.

ரொம்ப நேரம் இருக்க வேண்டியதும் இல்லை. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளை 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இருபது நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நகரத் தெருவில் நடந்ததைவிடப் பூங்காவில் நடந்த பிறகு கவனம் மேலாக இருந்ததாம். பதினேழே பிள்ளைகள், சின்ன ஆய்வு. உன் மகனுக்கு இருப்பது வேறு. ஆனாலும் அந்த இருபதை நான் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதே. தண்ணீர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் நாலு வயதுக்குமேல் ஒருமுறையாவது பெரியவர் கண்ணிலிருந்து நழுவி ஓடப் பார்த்திருக்கிறார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அப்படிப் போகிறவர்களைத் தண்ணீர் இழுக்கும். போனதும் குளம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கும் அவனுக்கும் நடுவில் நீ உட்கார். சட்டையின் உள்பக்கம் உன் எண்ணை எழுதி வை. நீச்சலும் கற்றுக்கொடு.

யாராவது "இங்கே வேண்டாம்" என்றால் என்னைப் போலத் திரும்பி வராதே. மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாட உன் மகனுக்கும் உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில், முப்பதாவது பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். காவலாளியிடம் பிரிவு எண்ணைச் சொல்ல வேண்டாம், சிரிப்பார். பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுது: தூணுக்குத் தூண் இடைவெளி எவ்வளவு, நிழலில் இருக்கை உண்டா, குளத்துக்கு வேலி உண்டா என்று அளந்து எழுது. நான் எழுதிய மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஒரு தூணைப் பிடுங்கினார்கள். ஒன்றைத்தான். நாற்காலி நுழைய அது போதுமாக இருந்தது.

அடுத்த மாதம் நாங்கள் வருகிறோம். காலையில் பேரனை நான் கூட்டிப் போகிறேன், நீ தூங்கு. இதை எழுதுவது தெரிந்ததும் அண்ணன் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னான்: அந்த மரத்தடியில் இரண்டு பேர் படுக்க இடம் இருக்குமா?

அம்மா