இனி என் போன் அலறாது

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி 2.40-க்கு என் போன் அலறியதே, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திரையில் உன் சுகர் 54 என்று சிவப்பு எண், கீழே பார்த்து ரெண்டு அம்பு. கண்ணாடியைத் தேடவில்லை. சிவப்பு என்று தெரிந்தால் எனக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அம்மா எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது தடவை எடுத்து, "அப்பா, சென்சார் இருக்கிற கை மேல படுத்துட்டேன். விரல்ல குத்திப் பாத்தேன், 118 இருக்கு. நீங்க தூங்குங்க" என்றாய். குரலில் எரிச்சலே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. கத்தியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி என்னைத் தூங்கவைத்துவிட்டு போனை வைத்தாய்.

இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கும் நீரில் உள்ள சுகரைத்தான் அளக்கிறது. அதன் மேல் பாரம் போட்டுப் படுத்தால் எண் கிணற்றில் கல் விழுந்த மாதிரி விழும், புரண்டு படுத்தால் ஏறிவிடும். நிஜமாகவே சுகர் குறையும் லோ பெரும்பாலும் சரிவில்தான் இறங்கும். இதை ஒரு நோட்டில் படம் போட்டு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனால் ராத்திரி 2.40-க்கு எந்தப் படம் ஞாபகம் வருகிறது?

காலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு எண், நாளைக்கு 288. நீ வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போனை எடுத்தால் மணி பார்ப்பதற்கு முன் உன் சுகரைப் பார்க்கிறேன். மத்தியானம் 210 என்று காட்டினால் உடனே "போலஸ் போட்டியா?" என்று, அந்தக் கூடுதல் இன்சுலினைக் கேட்டு ஒரு மெசேஜ். நீ எந்த மீட்டிங்கில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதெல்லாம் வந்து விழுந்ததோ. இன்று சாப்பிட்டு முடித்ததும் உன் எண் வரும் ஆப்பை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். "நிச்சயமாகவா?" என்று அது ரெண்டு தடவை கேட்டது. கடைசியாகப் பார்த்தபோது 131, அம்பு நேராக இருந்தது.

எடுத்த பிறகுதான், உன்னிடம் சொல்லாமல் விட்டவை சில இருக்கின்றன என்று தோன்றியது. அதில் ஒன்றைப் பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் சுகர் என்று தெரிந்தது. மூன்று வருஷம் நாளைக்கு நாலைந்து ஊசி. பன்னிரண்டு வயதில் இன்சுலின் தள்ளும் பம்ப் வைத்தபோது, வீட்டுக்கு ஒரு காவலாள் வந்துவிட்ட மாதிரி எனக்கு நிம்மதி. "மெஷின் வெச்சாச்சே, இனிமே அதுவே பாத்துக்கும்" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அர்னால்ட் காடிஷ் என்ற டாக்டர் செய்த பம்பை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. உன்னுடையது உள்ளங்கையில் அடங்கியது. அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் அந்தப் பம்புக்கு உன் சுகர் எவ்வளவு என்றே தெரியாது. மணிக்கு இவ்வளவு என்று நாம் எழுதிவைத்ததைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும், சாப்பிடும்போது சொன்னால் சொன்ன அளவைத் தள்ளும், அவ்வளவுதான்.

நீ எட்டாவது படிக்கும்போது மூன்று நாள் தொடர்ந்து சாயங்காலம் மைதானத்தில் லோ ஆனாய், ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் 61. மறுநாள் 52. கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய், காலுறையெல்லாம் புல், கை நடுங்கி ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்தத் தெரியவில்லை. நான் குத்திக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே திட்டவும் செய்தேன், "ஒண்ணும் சாப்பிடாம ஓடினியா?" என்று. "சாப்ட்டேம்ப்பா" என்றாய். நம்பவில்லை. மூன்றாவது நாளும் அப்படியே ஆனபோது உன் பையைத் திறந்து டப்பாவைச் சோதித்தேன். அது காலியாகத்தான் இருந்தது. அப்போதும், யாருக்காவது கொடுத்திருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

அன்று ராத்திரி ஏழரைக்கு, பம்பிலிருந்து தோலுக்குள் போகும் குழாய் செட்டை மாற்றும்போது பம்பின் திரையைப் பார்த்தேன். மணி சரியாக இருந்தது. ஆனால் பக்கத்தில் முற்பகல் என்று காட்டியது. அந்த வாரம் பேட்டரி மாற்றியது நான்தான். அப்போது கடிகாரம் அழிந்துபோய், நான் திரும்ப வைத்தபோது பகலும் ராத்திரியும் இடம் மாறிவிட்டன. விடிகாலையில் உடம்பு தானே சுகரை ஏற்றும் என்பதால், 4 மணியிலிருந்து 8 மணி வரை உனக்கு மணிக்கு 1.1 யூனிட் இன்சுலின் வைத்திருந்தோம், மற்ற நேரத்தில் 0.6. அந்த 1.1 மூன்று நாளாக சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பித்து ஓடியிருக்கிறது, நீ மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். நாலு மணி நேரத்தில் ரெண்டு யூனிட் கூடுதல். அன்றைக்கு உனக்கு ஒரு யூனிட் சுகரை ஏறக்குறைய 50 இறக்கும். காலையில் 240, 260 என்று எழுந்ததற்கும், விடிகாலையில் 0.6 மட்டும் ஓடியதுதான் காரணம். அதற்கும் தனியாகத் திட்டியிருந்தேன்.

சத்தமில்லாமல் கடிகாரத்தை மாற்றினேன். "ஏதோ செட்டிங் தப்பு, சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். யார் தப்பு என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ சாப்பிட்டிருந்தாய் பாப்பா. நான்தான் தப்பு.

அதனால்தான் நீ வெளிநாட்டு வேலையாகப் போகும்போதெல்லாம் "கடிகாரம் மாத்தினியா, மாத்தினியா" என்று நச்சரிக்கிறேன். உனக்கு அது கிறுக்காகத் தெரிந்திருக்கும்.

இப்போது உன்னிடம் இருப்பது வேறு வகை என்று தெரியும். சென்சாரைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் பம்புக்கு அமெரிக்காவில் முதன்முதலாக 2016-இல் அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியை வெட்டி எடுத்து வைத்தேன், உனக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ என்று. வந்தபிறகு நான் முழு ராத்திரி தூங்கிய நாட்கள் உண்டு, நேற்றைத் தவிர. இருந்தாலும் சாப்பிடப் போவதை அதற்கு இன்னமும் நீதான் சொல்ல வேண்டும். அப்புறம், எவ்வளவு புத்திசாலிப் பம்பாக இருந்தாலும், தோலுக்குள் போன அந்தச் சின்னக் குழாய் மடங்கிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பம்பில் இருப்பது சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டும்தான். ஊசி போட்ட காலத்தில், நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் ஒன்று உடம்பில் அடியாழத்தில் இருந்தது. இப்போது அது இல்லை. குழாய் அடைத்தாலோ கழன்றாலோ சில மணி நேரத்திலேயே கீட்டோன், இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் அந்த அமிலம், ஏற ஆரம்பித்துவிடும். அடைத்தால் அலாரம் அடிக்கும், சரி. ஆனால் மருந்து உள்ளே போகாமல் ஓரமாகக் கசிந்து வெளியே வந்தால் பம்புக்கு எப்படித் தெரியும்? தள்ளியாகிவிட்டது என்று கணக்கு எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருந்த கருவி மூக்கு. இன்சுலினில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்துக்கு ஒரு நெடி உண்டு, புதிதாகப் பிரித்த பிளாஸ்திரி மாதிரி. நீ தூங்கும்போது உன் சட்டை ஓரத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். ஒரு தடவை நீ கண்ணைத் திறந்து "என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டு, நான் போர்வையைச் சரி செய்கிறேன் என்று சமாளித்தேன். ஒட்டுக்குப் பக்கத்தில் ஈரமும் அந்த நெடியும் இருந்தால் வேறு சோதனை எதுவும் வேண்டாம், கழற்றிவிடு.

காரணம் தெரியாமல் 250-க்கு மேல் நின்று, சரிசெய்யப் போட்ட போலஸுக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால், பம்ப் வழியாக இன்னொரு போலஸ் போட்டுப் பார்க்காதே. கீட்டோன் பார். இன்சுலின் பென்னை எடுத்து ஊசியாகப் போடு. அப்புறம் செட் மாற்று. ஊசி முதலில், செட் அடுத்தது, இந்த வரிசை மாறக்கூடாது. ராத்திரி மூன்று மணிக்கு, "காலையில பாத்துக்கலாம்" என்றுதான் தோன்றும். நான் ஒருமுறை அப்படி நினைத்துப் படுத்தேன். விடியும்போது நீ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். வாந்தியும் கீட்டோனும் சேர்ந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை, நேராக ஆஸ்பத்திரிதான். அந்தக் காலையை நான் உனக்கு விவரிக்க மாட்டேன்.

கோபத்தில் போடும் போலஸ் பற்றி உனக்கே தெரியும். 280 இறங்கவில்லை என்று அரை மணிக்கு ஒரு தடவை போட்டால், எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம் கழித்து வேலையைக் காட்டும். முன்னே போட்டதில் எவ்வளவு மிச்சம் ஓடுகிறது என்று பம்பே காட்டுகிறதே, அதைப் பார்த்துவிட்டுப் போடு.

தொப்புளுக்கு வலது பக்கம் அந்தக் கட்டியான இடத்தில் மறுபடி குத்த ஆரம்பித்திருக்கிறாய், போன தடவை வந்தபோது பார்த்தேன். அங்கே வலிக்காது, அதனால் கை தானாகப் போகிறது. ஆனால் அங்கே போட்டால் மருந்து ஒழுங்காகச் சேராது. சொல்லிவிட்டேன்.

உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறாய் என்று தெரியவில்லை. பரீட்சை ஹாலில் ஒருவர் உன் பம்பைப் போன் என்று நினைத்துக் கழற்றச் சொன்ன நாளிலிருந்து, நீ அதை யாருக்கும் காட்டுவதில்லை. அது உன் இஷ்டம். ஒருத்தருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். லோ ஆனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, சுகரை ஏற்றும் மருந்து குளுக்ககான் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது. பத்து நிமிஷப் பேச்சு. நான் பேசினால் அரை மணி ஆகும், அவள் பயந்துவிடுவாள், அதனால் நீயே பேசு.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் பம்பைக் கழற்றி அறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதை நூறு தடவை சொல்லியாயிற்று, நூற்றியொன்றாக இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் பர்ஸில் ஏழு வருஷமாக மடித்து வைத்திருந்தது, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. எந்த மணிக்கு எவ்வளவு பேசல் (சொட்டுச் சொட்டாகப் போகும் இன்சுலின்), ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் கார்ப் (மாவுச்சத்து), ஒரு யூனிட் எவ்வளவு இறக்கும், எல்லாம் உன் பதினேழு வயதுக் கணக்கு. பம்ப் செத்தால் உள்ளே இருக்கும் செட்டிங்கும் சேர்ந்து போய்விடலாம், ஊசிக்குத் திரும்ப இந்த எண்கள் வேண்டும் என்பதால் வைத்திருந்தேன். இப்போது இதில் ஒரு எண்கூட உனக்குச் செல்லாது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, இன்றைய கணக்கை அதில் எழுதி உன் பையில் போட்டுக்கொள். எனக்கு ஒரு நகல் கேட்கலாம் என்று நினைத்து, கேட்கவில்லை.

ரொம்ப இறங்கினால் மட்டும் என் போன் அடிக்கும்படி வைக்க வழி இருக்கிறதாம். அது வேண்டுமா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றாலும் சரிதான்.

அப்புறம் ஒரு விஷயம். அம்மா போனில் உன் எண் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் எடுத்துவிட்டதைச் சொன்னதும் அவள் தன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அவளிடம் எடுக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதை நீயே பேசிக்கொள்.

இப்படிக்கு,
அப்பா