கண்டியில் சாப்பிட்ட கதை

அன்பு மகனுக்கு,

போன் எடுத்தால் "கடையில் ஆள் நிற்கிறது, பிறகு கதைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதித் தங்கச்சியிடம் கொடுக்கிறேன், படம் பிடித்து அனுப்புவாள். ஆறுதலாக வாசி. நேரத்துக்குச் சாப்பிடு.

போன சனிக்கிழமை அவளைப் பார்க்கப் பேராதனைக்குப் போனேன். கம்பஸ் சாப்பாடு அலுத்துப் போச்சாம், இன்றைக்கு ஊர் சுற்றிச் சாப்பிடுவோம் என்றாள். முதலில் கன்னொறுவை. விவசாயத் திணைக்களத்தின் ஹெல பொஜுன் கடை அங்கே இருக்கிறது. பெண்கள் நம் கண் முன்னாலேயே சுட்டுக் கொடுக்கிறார்கள். இலைக்கஞ்சி, குரக்கன் ரொட்டி, இடியப்பத்துக்குள் தேங்காயும் பாணியும் வைத்து மடித்த லவரியா. கோதுமை மாவே சேர்ப்பதில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நாமெல்லாம் கோதுமை ரொட்டியில் வளர்ந்த ஆட்கள். 1974 பஞ்சத்தில் அந்த மாவுக்கும் வழியில்லாமல் அம்மாயி மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பங்கு போட்ட கதைதான் உனக்குத் தெரியுமே. லவரியா நல்லாயிருந்தது. குரக்கன் ரொட்டி நம்ம தேங்காய் ரொட்டிக்குக் கிட்ட வராது.

அப்புறம் கண்டி மார்க்கெட். அசல் கித்துள் கருப்பட்டி என்று சத்தியம் பண்ணாத குறையாக ஒருவர் நீட்டினார். வாயில் போட்டதுமே சீனி கலந்தது தெரிந்துவிட்டது. வேறு கடையில் வாங்கினேன், உனக்கும் சேர்த்து.

பொழுது சாய்ந்ததும் கொத்துக் கடை. ரொட்டியைக் கொத்துகிற தகட்டுச் சத்தம் தெரு முனையிலேயே கேட்டது. தங்கச்சி சீஸ் கொத்துத்தான் வேண்டும் என்றாள். சீஸைப் போட்டால் அது என்ன கொத்தோ! போட்ட பையன் ரொட்டியைக் கூழாக்கிவிட்டான். நீ போட்டால் லீக்ஸும் கரட்டும் தனித்தனியாகத் தெரியும். உன் கைக்காகவே அந்தக் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று முன்பு நீயே சொன்னாய். இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

பையனுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். பொகவந்தலாவையாம். சாப்பிட்டாயா என்றால், கடை மூடின பிறகுதானாம். அதுவரைக்கும் ஒரு பனிஸும் பிளேன்டீயும். ஊருக்கே சமைக்கிற பிள்ளைக்கு வயிறு காய்கிறது. நீயும் இப்படித்தான் இருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு, எந்த இடத்தில் இருந்தாலும்.

கீழ் லயத்து மாமா போன மாதம் கொழும்புக்கு வந்தபோது உன் கடையில் சாப்பிட்டாராம். உன்னைக் காணவில்லை என்றார். உள்ளே குசினியில் நின்றிருப்பான் என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை போனபோதும் காணவில்லையாம். அதற்கும் ஏதோ சொன்னேன். உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

தங்கச்சிக்குப் படிப்புக்கான மஹாபொல உதவிக் காசு வருகிறது. நீ அனுப்ப முடியாத மாதம் அனுப்ப வேண்டாம், கடன் வாங்கி அனுப்பாதே. தீபாவளிக்கும் வரவில்லை, பஸ் காசு இல்லையென்றால் சொல்லியிருக்கலாம். சரி, விடு.

மாமா வெள்ளிக்கிழமை மறுபடி கொழும்பு வருகிறார். கருப்பட்டியும் வறுத்து இடித்த தூளும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைக்கே கொண்டு வருவதா, வேறு இடத்துக்கா என்று வியாழனுக்குள் அவருக்குச் சொல்லிவிடு. எனக்குச் சொன்னாலும் சரி.

அம்மா