படத்தின் கீழே போட்ட வரி

ஆசிரியருக்கு,

ஒளிப்படக் கலைஞர் ஜெஃப் தோமஸின் கண்காட்சி பற்றிச் சென்ற இதழில் கட்டுரை போட்டதற்கு நன்றி. அவரைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் இறகுத் தலையணிப் படத்தின் கீழே 'மறைந்துபோன செவ்விந்தியரின் சுவடுகள்' என்று போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் 1956இல் பஃபலோ நகரத்தில் பிறந்தவர். ஒனொண்டாகா என்ற பூர்வகுடி இனத்தவர். தன்னை 'நகர்ப்புற இரொக்குவா' (ஒனொண்டாகா, மோஹாக் போன்ற இனங்களின் கூட்டமைப்பு) என்று சொல்லிக்கொள்பவர். நகரத்தைக் காட்டும் படங்களில் தன் ஆட்களைக் காணவில்லையே என்று கமெராவைத் தூக்கியவர். அப்படிப்பட்டவருடைய படத்துக்கு 'மறைந்துபோன' என்று தலைப்புக் கொடுத்தால் எப்படி?

கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிப்போன படம் ஒன்று உண்டு. 1984, ரொறன்ரோ குயின் தெரு. சுவரிலே ஆரோ கிறுக்கிய எழுத்துகள். முன்னால் அவருடைய சின்ன மகன் நிற்கிறான். அவன் தொப்பியில் அமெரிக்க ஒளிப்படக்காரர் எட்வேர்ட் கேர்ட்டிஸ் எடுத்த பழைய படம், செயேன் என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் ரூ மூன்ஸின் முகம். கேர்ட்டிஸும் இவர்களை 'மறைந்துபோகும் இனம்' என்று சொல்லித்தான் படமெடுத்தார். அந்த முகத்தைத் தொப்பியில் போட்டுக்கொண்டு பையன் நடுத் தெருவில் நிற்கிறான்! நான் 1987இல் வந்திறங்கி, அதே குயின் தெருவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியவன். இரவு வேலை முடிந்து அந்தச் சுவர்களைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போவேன். இது இன்னொருவருடைய ஊர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அப்போது எனக்கு அடுத்த மாத வாடகைதான் யோசனை.

அப்புறம் ஒட்டாவா. தேசியக் கலைக்கூடத்துக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த மேட்டில் 1915இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சம்பிளேனுக்குச் சிலை வைத்தார்கள். கையில் இருக்கும், வானத்தைப் பார்த்து இடமறியும் விண்கோள் கருவியை அவர் தலைகீழாகப் பிடித்திருப்பது ஊரறிந்த கதை. பிறகு அவர் காலடியில், அரை நிர்வாணமாக முழந்தாளிட்ட ஒரு பழங்குடி வழிகாட்டியைச் சேர்த்தார்கள். அந்த வழிகாட்டியை ஒரு வள்ளத்தில் வைப்பதாகத்தான் முதலில் இருந்ததாம், அதற்குக் காசு சேரவில்லை என்பார்கள். பெயரும் கிடையாது, வள்ளமும் கிடையாது. 1996இல் பூர்வகுடித் தலைவர் ஓவீட் மெர்க்ரெடி எதிர்ப்புத் தெரிவித்தார். 1999இல் வழிகாட்டிச் சிலையைத் தெருவுக்கு அந்தப் பக்கம் மேஜர்ஸ் ஹில் பூங்காவுக்கு மாற்றினார்கள்.

இடம் காலியானதும் தோமஸ் என்ன செய்தார் தெரியுமா? தெரிந்தவர்களைக் கூட்டிப்போய் வழிகாட்டி இருந்த அதே படியில் இருத்திப் படமெடுத்தார். அதில் ஒருவர் மோஹாக் கலைஞர் கிரெக் ஹில். காலைச் சாப்பாட்டுத் தானியப் பெட்டிகளை வெட்டி ஒட்டிய ஒரு வள்ளத்துக்குள் இருக்கிறார். பல வருடங்களுக்கு முன்னர் செய்யாமல் விட்ட வள்ளம் கடைசியில் அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது. உங்கள் கட்டுரையோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே துக்கம். துக்கம் இல்லை என்று சொல்லவில்லை; பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளின் பழைய படங்களைத் தேடித் தொகுத்துக் காட்சிக்கு வைத்தவரும் இவர்தான். ஆனால் குறும்பை விட்டுவிட்டால் இந்த மனிதரில் பாதி போய்விடும்.

மாறும் நகரம் என்றால் மாடிக் கட்டடங்கள் மட்டும்தானா? வழிகாட்டிச் சிலைக்கு 2013இல் 'கிச்சி சீபி இனினி' என்று பெயர் வைத்தார்கள், பேராற்று மனிதன் என்று பொருள். 2023இல் ஒட்டாவாவில் முதலாவது பிரதமர் மக்டொனால்ட் பெயரில் இருந்த ஆற்றோரச் சாலையும் 'கிச்சி சீபி மீக்கன்', அதாவது பேராற்றுப் பாதை, ஆகிவிட்டது. நகரம் இப்படியும் மாறுகிறது. இதில் எதுவுமே உங்கள் கட்டுரையில் இல்லை.

இன்னொன்று, அந்தச் 'செவ்விந்தியர்' என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பூர்வகுடிகள் என்றாலே எல்லோருக்கும் விளங்கும். இனம் தெரிந்தால் ஒனொண்டாகா, மோஹாக் என்று அதையே போடலாம். நம்மை ஒருவர் வெறும் 'ஏசியன்' என்றால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது?

அடுத்த இதழில் திருத்தம் போட இடமிருந்தால், இறகுத் தலையணிக்குப் பதிலாக அந்தத் தானியப் பெட்டி வள்ளத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
ஸ்காபரோ