தீவன மூட்டைக்குள் எந்த ஈஸ்ட்?

ஆசிரியருக்கு,

மீன் வளர்ப்பில் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் குறைக்க ஈஸ்ட் கலந்த தீவனம் உதவும் என்று தங்கள் நாளிதழில் வெளியான செய்தி வரவேற்கத்தக்கது. ஆனால், ஈஸ்ட் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருப்பதையும் அது விளக்கியிருக்க வேண்டும். உயிருள்ள ஈஸ்ட் மீனின் குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிராகச் செயல்படுகிறது. ஈஸ்ட்டின் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் மீனின் இயல்பான நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது. அதே சுவரில் உள்ள மன்னான் சர்க்கரைகள், தீமை செய்யும் சில பாக்டீரியாக்கள் குடலில் ஒட்டாதபடி தடுக்கின்றன. குருணைத் தீவனம் தயாரிக்கும் வெப்பத்தில் உயிருள்ள ஈஸ்ட் பெரும்பாலும் மடிந்துவிடும், செல்சுவரோ தாக்குப்பிடிக்கும் என்பதால், இந்த வேறுபாடு வளர்ப்பவருக்கு மிக முக்கியமானது.

கெண்டை வளர்க்கும் நான், சென்ற பருவத்தில் வாங்கிய மூட்டையை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தும் 'ஈஸ்ட் சேர்க்கப்பட்டது' என்பதற்கு மேல் ஒரு வரியும் காணவில்லை. விற்றவருக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. ஈஸ்ட்டின் வகை, கிலோவுக்கு எத்தனை கிராம், பீட்டா குளுக்கான் எத்தனை விழுக்காடு, உயிருள்ளதாயின் எந்த நாள் வரை பயன்படும் ஆகியவற்றை மூட்டையின் மீது அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.