பாறை வளைவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் காலடியையும் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனத் தேசியப் பூங்காக்களைக் காரில் சுற்றிவந்த அனுபவக் கட்டுரையைத் தங்கள் சென்ற இதழில் படித்தேன். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், பிரைஸ், சயான் என்று போகும் வழியையும் தங்கும் ஊர்களையும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால், ஆட்கள் விழாத படம் வேண்டுமென்றால் நடைபாதையை விட்டிறங்கி மணலில் நூறடி தள்ளி நின்று எடுக்கலாம் என்று சொல்லப்பட்டிருந்த யோசனையைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. அதை அடுத்த இதழிலேயே திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்டோபரில், மகள் குடும்பத்தோடு சால்ட் லேக் சிட்டியிலிருந்து நான்கு மணி நேரம் காரில் பயணம் செய்து மோவாப் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஆர்ச்சஸ் பூங்காவில், ஒரு பல்லியின் பின்னால் ஓடிய என் பேத்தி பாதையை விட்டு ஓரடி எடுத்துவைக்கப் போன நேரத்தில், அங்கே நின்றிருந்த பூங்காக் காவலர் கையை உயர்த்தித் தடுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தில் குந்தி, தரையைக் காட்டினார். மணல் என்று நாங்கள் நினைத்திருந்த இடம், கருகிய கேழ்வரகு அடையின் மேற்புறம் போலக் கறுத்து, மேடும் பள்ளமுமாக இருந்தது. தண்ணீர்ப் புட்டியின் மூடியில் சிறிது நீர் எடுத்து அதன்மேல் சொட்டவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பில் பசுமை எழுந்தது. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களும் பாசிகளும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்களும் சேர்ந்து மணல் துகள்களைப் பிணைத்து உண்டாக்கிய உயிருள்ள மேலோடு அது. காற்றில் மண் பறக்காமல் பிடித்துவைப்பதும், மழைநீரைத் தேக்குவதும், செடிகளுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் அதன் வேலை. ஒருவர் காலை வைத்து நொறுக்கியதைப் பாலைவனம் மறுபடி கட்டிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். தங்கள் கட்டுரை இறங்கி நிற்கச் சொன்ன நிலம் இதுதான்.

ஆர்ச்சஸ் பூங்காவின் பாறை வளைவுகள் உருவான விதத்தையும் கட்டுரை இன்னும் சற்று விரித்துச் சொல்லியிருக்கலாம். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடல் வற்றி, பல்லாயிரம் அடிக் கனத்துக்கு உப்பை விட்டுச் சென்றது. பிறகு அதன்மேல் படிந்த பாறைகளின் எடை தாங்காமல் உப்பு மெல்ல நகர்ந்து புடைத்ததில் மேலிருந்த மணற்பாறை வரிவரியாக விரிசல் விட்டு, மெல்லிய சுவர்களாக நின்றது. துகள்களை ஒட்டவைத்திருக்கும் சுண்ணப்பொருளை மழைநீர் கரைக்க, விரிசலில் தேங்கிய நீர் குளிரில் உறைந்து விரிய, சுவரில் துளை விழுந்து வளைவாகிறது. இப்படி 2,000-க்கும் மேற்பட்ட வளைவுகள் அந்த ஒரு பூங்காவிலேயே இருக்கின்றன. அவை நிரந்தரமும் அல்ல. 1991-இல் லேண்ட்ஸ்கேப் வளைவின் அடிப்புறத்திலிருந்து அறுபதடி நீளப் பாறைப் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்த பின் அதன் கீழே செல்லும் பாதையை மூடிவிட்டார்கள். 2008 ஆகஸ்டில் ‘வால்’ (Wall) என்ற வளைவு ஓரிரவில் இடிந்து போயிற்று. இயற்கை தன் வேலையைச் செய்வதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் 2013-இல், அதே யூட்டாவின் காப்ளின் பள்ளத்தாக்குப் (Goblin Valley) பூங்காவில், நின்றுகொண்டிருந்த பாறைத் தூண் ஒன்றைச் சிலர் கையால் தள்ளிச் சாய்த்து அதைப் படமும் பிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

பெங்களூருவில் இருக்கும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. நான் காலையில் நடக்கப்போகும் லால்பாக்கில், கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானது; யூட்டாவின் மணற்பாறைகள் அதற்கு முன்னால் குழந்தைகள். மைசூரு சாலையில் உள்ள ஒரு கற்குன்றுக்குப் பேத்தியைப் போன மாதம் அழைத்துச் சென்றபோது, பாறையில் ஆணியால் கீறியிருந்த பெயர்களை அவள் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இங்கே காவலர் இல்லையா பாட்டி?" என்று கேட்டாள்.

எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு குடும்பங்கள் தங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு யூட்டா பயணத்துக்கு ஆயத்தம் செய்கின்றன. அவர்களிடம் நான் நேரில் சொல்லிவிட்டேன். மற்ற வாசகர்களுக்குத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்: போடப்பட்ட பாதையிலும், வெறும் பாறையிலும், நீர் ஓடிக் காய்ந்த மணல் ஓடையிலும் மட்டுமே நடக்க வேண்டும். டெலிகேட் வளைவுக்குப் போய்வர ஐந்து கிலோமீட்டர் தூரம், வழியில் நிழல் கிடையாது என்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஜெயநகர், பெங்களூரு